அலமாரியின் மேலிருந்த ஹெலிகாப்டர்



நான் இந்தச் சேகரத்தில் பொறுப்பேற்ற முதல் ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். மூத்த தாயார் ஒருவர் என் கையைப் பற்றியபடி, “ஐயா, ஐயரம்மாவப் பாத்தாச்சு. மகன் கூட வரலியா? என்ன செய்யுதாவ?” என்று கேட்டார். “வேலை காரணமாகப் பழைய ஊரிலேயே இருக்கிறான்” என்றேன். அது பொய்யல்ல. ஆனால் “என்ன வேலை?” என்று அவர் கேட்பதற்குள், வரிசையில் அடுத்து நின்றவரின் கையை அவசரமாகப் பிடித்துக்கொண்டேன். அன்றே இன்னும் இருவர் கேட்டார்கள். அவர்களிடமும் அப்படியே நழுவினேன்.

அந்தத் தாயாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இந்த வாரத் தியானம் அவருக்குரிய பதில். அதைச் சொல்வதற்கு ஒரு விளையாட்டு ஹெலிகாப்டரின் கதையைச் சொல்ல வேண்டும். என் மகனிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் எங்களுக்கு இடமாற்றம் வந்தது. குருமனைவாசிகளுக்கு இது புதிதல்ல. ஊர் மாறுவது என்றால் பெட்டி கட்டுவது, பெட்டி கட்டுவது என்றால் மறந்துபோனவை வெளியே வருவது. படுக்கையறை பீரோவின் மேல், பழைய திருமண்டல மாத இதழ்களின் கட்டுக்குப் பின்னால், தூசி படிந்த நீளமான ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. மூடியில் ஒரு சிவப்பு ஹெலிகாப்டரின் படம். அதைக் கையில் எடுத்தவுடனேயே என்னவென்று தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

2012ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு என் மைத்துனர் துபாயிலிருந்து வந்தபோது தம் மருமகனுக்கு அதை வாங்கி வந்திருந்தார். சைமா எஸ்107 என்ற வகை. ஏறக்குறைய ஒரு சாண் நீளம். கைக்குள் அடங்கும் ரிமோட்டைக் கொண்டு வீட்டுக்குள்ளேயே பறக்கவிடலாம். அப்போது பதினொரு வயதிலிருந்த என் மகன் அந்த விடுமுறை முழுவதும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு திரிந்தான். ஜனவரியில் அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண்கள் வந்தன. கணக்கில் நாற்பத்தொன்று. நான் அந்தப் பெட்டியை எடுத்து பீரோவின் மேல் வைத்தேன். “முழு ஆண்டுப் பரீட்சை முடியட்டும், தருகிறேன்” என்றேன்.

பரீட்சை முடிந்தது. நான் தரவில்லை. அவன் மூன்று முறை கேட்டான். ஒரு முறை நான் பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன், ஒரு முறை அடக்க ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன், மூன்றாம் முறை என்ன காரணம் சொன்னேன் என்பது நினைவில்லை. அதற்குப்பின் அவன் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்தியதை நான் கீழ்ப்படிதல் என்று எண்ணி மகிழ்ந்தேன். இரண்டு இடமாற்றங்களில் அந்தப் பெட்டி எங்களோடேயே பயணம் செய்திருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் பீரோவின் மேல் ஏறியிருக்கிறது. பதினொரு ஆண்டுகள்.

இதற்கிடையே அவன் வளர்ந்தான். 2019இல் அவனை இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்த்தேன். “சேர்ந்தான்” என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் சேர்த்தது நான்தான். தேறாத பாடங்கள் சேர்ந்துகொண்டே போயின. 2022இல் அவன் கல்லூரியை விட்டுவிட்டுப் பஜாரில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அன்று இரவு நான் பேசிய பேச்சுகளை இங்கே எழுத மாட்டேன். ஒரு போதகர் தன் வீட்டுக்குள் அப்படிப் பேசினார் என்பதை நீங்கள் அறிந்தால் போதும். அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, “சாப்பாடு எடுத்து வை என்று அம்மாவிடம் சொல்” என்ற அளவிலேயே எங்கள் உறவு இருந்தது. சபையில் யாராவது, “தம்பி என்ன செய்யுதான்?” என்று கேட்டால், “ஏதோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்” என்பேன். பொய் சொல்லலாகாது என்று திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கற்பித்த அதே வாயால்தான் அதைச் சொன்னேன்.

அந்தப் பெட்டியை மீண்டும் மேலே வைத்துவிட என்னால் முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்தேன். இரவு ஒன்பதரை மணிக்கு மகன் வந்தான். பார்த்தான். நெடுநேரம் நின்றான்.

“எங்க இருந்துச்சு?”

“பீரோ மேல.”

அவன் மூடியைத் திறந்து, விரல் நுனியால் இறக்கையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். “பேட்டரி செத்துருக்கும். இத்தன வருஷம் சார்ஜ் ஏத்தாமக் கெடந்தா லித்தியம் பேட்டரி தாங்காது” என்றான். ஒன்றரை ஆண்டுகளில் அவன் என்னிடம் பேசிய மிக நீண்ட வாக்கியம் அது. பெட்டியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டான்.

மறுநாள் இரவு அவன் அதைக் கொண்டுவந்தபோது அதன் வயிற்றில் புதிய பேட்டரி இருந்தது. 3.7 வோல்ட், 150 மில்லி ஆம்பியர் மணி. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. கடையில் வேலை முடிந்தபின் அமர்ந்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்திருக்கிறான். இருபத்தேழு ஆண்டுகளாக மன்னிப்பைக் குறித்துப் பிரசங்கித்திருக்கிறேன். “மன்னித்துவிடு மகனே” என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாவு எழவில்லை. அதற்குப் பதிலாக, “இதை எப்படிப் பறக்கவிடுவது?” என்று கேட்டேன்.

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு, “ஃபேன நிறுத்துங்க” என்றான்.

மே மாதத்து நெல்லைச் சீமையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓர் அறையில் நிற்பது இலேசான காரியமல்ல. ஆனால் காற்று சிறிதே அசைந்தாலும் அந்த எளிய பொருள் தடுமாறிவிடும். அதோடு, இந்த வகை ஹெலிகாப்டருக்கு ரிமோட்டிலிருந்து கட்டளை போவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியின் வழியாக. வெயில் விழும் இடத்தில் அது கட்டளையைச் சரியாக வாங்காது. ஆகவே எங்கள் பாடங்கள் யாவும் இரவில்தான் நடந்தன. கட்டிலும் நாற்காலிகளும் கயிறு கட்டி ஓரத்தில் நின்றதால் முன்கூடம் வெறுமையாக இருந்தது, அதுவும் வசதியாயிற்று. ஏறக்குறைய நாற்பது நிமிடம் சார்ஜ் ஏற்றினால் ஏழு நிமிடம் பறக்கும். அந்த ஏழு நிமிடத்துக்காக நாங்கள் நாற்பது நிமிடம் ஒரே அறையில் காத்திருக்க வேண்டியிருந்தது. பேச வேறு யாரும் இல்லாததால் நாங்கள் பேச வேண்டியதாயிற்று. எவ்வளவு பெரிய கிருபை அது என்று பின்னர்தான் புரிந்தது.

அவன் கற்பித்த முதல் பாடம் பறப்பதல்ல, அணைப்பது. “எதுலயாவது முட்டுச்சுன்னா ஒடனே லீவர கீழ இழுத்துடணும். முட்டின பெறகும் சுத்தவிட்டீங்கன்னா பல்சக்கரம் தேஞ்சிரும், இறக்கை ஒடைஞ்சிரும். விழுறது தப்பில்லப்பா. விழுந்த பெறகும் விடாம முறுக்குறதுதான் தப்பு.” அவன் ஹெலிகாப்டரைப் பற்றித்தான் சொன்னான். நான் 2022ஆம் ஆண்டு இரவை நினைத்துக்கொண்டேன்.

இடது கட்டைவிரலுக்குரிய லீவர் ஏற்றவும் இறக்கவும், வலது கட்டைவிரலுக்குரியது முன்னும் பின்னும் செலுத்தவும் இடமும் வலமும் திருப்பவும். கேட்பதற்கு எளிது. முதல் மூன்று நாட்கள் அது தரையைவிட்டு எழவே இல்லை. பயத்தால் நான் லீவரைச் சிறிது சிறிதாக ஏற்ற, அது தரையோடு தரையாக உராய்ந்து சறுக்கிக் கவிழ்ந்தது. காரணத்தை அவன் விளக்கினான். இறக்கைகள் கீழே தள்ளும் காற்று தரையில் மோதிச் சிதறிக் குழம்புகிறது. அந்தக் குழப்பக் காற்றுக்குள் நின்றுகொண்டு எதுவும் நிதானமாகப் பறக்க முடியாது. ஆகவே தயங்காமல் ஒரே மூச்சில் அதைத் தாண்டி மேலே எழுப்பிவிட வேண்டும். இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டால் அமைதியாகிவிடும். “பயந்து பயந்து ஏத்துனா கவிழத்தான் செய்யும். ஏத்துறதுன்னு முடிவு பண்ணிட்டா ஏத்திரணும்” என்றான். அவன் கல்லூரியைவிட்டு வெளியே வந்ததும் அப்படி ஒரு முடிவோடுதானோ என்று முதன்முறையாக எனக்குத் தோன்றியது.

இடையிடையே அதன் அமைப்பையும் சொல்லிக்கொடுத்தான். இந்த ஹெலிகாப்டருக்கு ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழல் இறக்கைகள். மேலுள்ளது ஒரு திசையில் சுழன்றால் கீழுள்ளது எதிர்த்திசையில் சுழல்கிறது. ஒன்று மட்டும் சுழன்றால் அதன் எதிர்விசையால் உடல் முழுவதும் பம்பரம்போல் சுற்றத் தொடங்கிவிடும். இரண்டும் எதிரெதிராகச் சுழல்வதால் ஒன்றின் முறுக்கை மற்றொன்று ஈடுசெய்து உடலை நேராக நிறுத்துகிறது. திரும்ப வேண்டுமானால் ஒன்றைவிட மற்றொன்றைச் சற்றே வேகமாகச் சுழற்றினால் போதும். வாலிலுள்ள சிறிய சுழலி வாலைத் தூக்கியும் தாழ்த்தியும் மூக்கை முன்னும் பின்னும் சாய்க்கிறது. எதிர்த்திசையில் சுழல்வது எதிரியல்ல என்பதை நான் கல்லூரியில் இறையியல் படித்தபோதும் கேட்டதில்லை.

மதுரை அரசரடியில் படித்த கிரேக்கத்தை வைத்து நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். ஹெலிகாப்டர் என்ற பெயரை ஹெலி என்றும் காப்டர் என்றும் பிரிப்பது தவறு. ஹெலிக்ஸ் என்றால் திருகுச் சுருள், ப்தெரோன் என்றால் சிறகு. கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்த்துக்கொள்வதைப் பற்றி ஆண்டவர் எருசலேமை நோக்கிச் சொன்ன உவமையில் வருவது இந்தச் சொல்லின் உறவுச்சொல்தான். மகன் சிரித்தான். “எல்லாத்துலயும் பிரசங்கக் குறிப்பு எடுத்துருவீங்க” என்றான். பழைய கசப்பு அந்தச் சிரிப்பில் இல்லை.

ஐந்தாம் நாள் ஹெலிகாப்டர் எழுந்தது. எழுந்ததும் என் தொல்லை தொடங்கியது. அது மேலே போனால் பதறிப்போய் லீவரைக் கீழே இழுப்பேன். கல்லாக விழும். விழுகிறதே என்று மேலே தள்ளுவேன். கூரையில் முட்டும். இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் முழுவதும் ஒடிப்பேன். அது தன்னையே சுற்றிக்கொண்டு திரைச்சீலையில் போய் மாட்டிக்கொள்ளும். ஒருமுறை நின்றுகொண்டிருந்த மின்விசிறியிலேயே போய் இடித்தது. கதவோரம் நின்ற என் மனைவி, “ஏங்க, கட்டின பெட்டியெல்லாம் அவுக்க வச்சிராதீங்க” என்றார். வியர்வை கண்ணில் வழிய நான் மீண்டும் மீண்டும் முயன்றேன்.

மகன் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கவில்லை. அருகில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

“அப்பா, நீங்க இத ஓட்டல. தொரத்துறீங்க. நீங்க ஒண்ணு சொன்னா, அது அதக் கேட்டுச் செஞ்சு முடிக்க ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடி குடுக்காம அடுத்தத சொல்லிடுறீங்க. அதுக்குள்ள மூணாவதயும் சொல்லிடுறீங்க. அது எதக் கேக்கும்?”

சொல்லி முடித்தபின் அவன் முகம் மாறியது. தான் சொன்னது எங்கே போய் விழுந்தது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பேட்டரி தீர்ந்து ஹெலிகாப்டரின் விளக்கு அணைந்தது. நாற்பது நிமிடம் சார்ஜ் ஏற வேண்டும். அந்த நாற்பது நிமிடமும் நாங்கள் இருவரும் சுவரில் சாய்ந்து தரையில் அமர்ந்திருந்தோம்.

கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் தகப்பன்மாருக்குப் பவுல் கொடுக்கும் எச்சரிக்கையை வைத்து நான் எத்தனையோ குடும்ப ஞாயிறுகளில் பேசியிருக்கிறேன். பிள்ளைகள் மனம் சோர்ந்துபோவார்கள் என்பதே அங்கே அப்போஸ்தலனின் கவலை. அடிப்பதையும் திட்டுவதையும் பற்றியது அது என்றே விளக்கிவந்தேன். மூச்சுவிட இடைவெளியின்றித் திருத்திக்கொண்டேயிருப்பதும் அதில் அடங்கும் என்பதை ஓர் விளையாட்டுப் பொருளின் முன்னால் அமர்ந்து அறிந்தேன். என் திருத்தங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே சரியானவைதாம். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தபோது அவை அவனைக் கவிழ்த்துவிட்டன.

அன்று முதல் விரலை ஒரு நூலளவு அசைத்துவிட்டுக் காத்திருக்கப் பழகினேன். ஏறுகிறதா, சற்றே தளர்த்து, பொறு. திரும்புகிறதா, இலேசாகத் தொடு, பொறு. எட்டாம் நாள் அது கூடத்தின் நடுவில், என் நெஞ்சுக்கு நேராக, தேன்சிட்டுபோல் ஒரே இடத்தில் நின்றது. அரை நிமிடம் இருக்கும். என் கண்கள் நிறைந்தன. வியர்வை என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடினமான பாடம் இன்னும் மிச்சமிருந்தது. ஹெலிகாப்டரின் வால் நம்மை நோக்கி இருக்கும்வரை அதன் இடம் நம் இடம், அதன் வலம் நம் வலம். அது திரும்பி மூக்கு நம்மை நோக்கி வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால் நம் கண்ணுக்கு அது இடப்பக்கம் போகிறது. வால் தெரியும்வரை நன்றாகச் செலுத்திய நான், அது என்னை நோக்கித் திரும்பியவுடன் ஒவ்வொரு முறையும் தவறான பக்கத்தை அழுத்தினேன். தவறு என்று தெரிந்து இன்னும் பலமாக அழுத்தினேன். என் நோக்கம் நல்லதுதான், ஆனால் என் கை அதைச் சுவரை நோக்கியே விரட்டியது.

அதற்கு அவன் ஓர் உபாயம் சொன்னான். “அது ஒங்களப் பாத்து வரும்போது நீங்க அதுக்கு எதுர நிக்காதீங்க. அது எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் ஒங்க ஒடம்பத் திருப்பிக்கோங்க. தோளுக்கு மேல திரும்பி அதப் பாருங்க. இல்லன்னா அதுக்குள்ள ஒக்காந்து ஓட்டுற மாதிரி நெனச்சுக்கோங்க. அப்ப எது எடம் எது வலம்னு தானாத் தெரியும்.”

நான் அப்படியே செய்தேன். ஐம்பத்து நான்கு வயதுப் போதகர் ஒருவர் நடுக்கூடத்தில் சுவரைப் பார்த்து நின்று, கழுத்தைத் திருப்பித் தோளுக்குமேல் பார்த்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தும் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். என் மனைவி சிரித்துச் சிரித்து அங்கேயே அமர்ந்துவிட்டார். ஆனால் ஹெலிகாப்டர் முட்டவில்லை.

மறுநாள் மாலை நான் பஜாருக்குப் போனேன். ஒன்றரை ஆண்டுகளாக அந்தக் கடை இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து எதிர்ச்சாரியிலேயே நடந்துவந்தவன் நான். அன்று கடைக்குள் சென்று ஒரு முக்காலியில் அமர்ந்தேன். மகன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொண்டான். நெற்றியில் மாட்டிய உருப்பெருக்கிக் கண்ணாடி. கையில் பற்றவைக்கும் ஊசி. எறும்பின் கண்ணளவான ஒரு பாகத்தை இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கி வைத்துக்கொண்டிருந்தான். நடுங்காத கை. எவ்வளவு பொறுமை! கணக்கில் நாற்பத்தொன்று வாங்கிய பையனிடம் இவ்வளவு பொறுமை இருக்கும் என்று நான் தேடிப் பார்த்ததே இல்லை. அவன் பார்த்த திசையில் நான் நின்று பார்த்தது அதுவே முதல் முறை.

அப்போது எங்கள் சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவர் தம் செல்போனை வாங்க வந்தார். என்னைக் கண்டு ஒரு கணம் திகைத்தார். பிறகு, “ஐயா, வாங்க. தம்பி கைக்கு வந்தா எந்தப் போனும் பொழச்சிரும். எங்க தெருவுல எல்லாரும் இங்கதான் குடுக்கோம்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எல்லாருக்கும் தெரியுமா?” என்றேன். அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு, “ரெண்டு வருஷமாத் தெரியும் ஐயா. நீங்க சொல்லுவீங்கன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தோம்” என்றார்.

அவர்கள் என் மகனின் வேலையை அறிந்துகொள்ளக் கேட்கவில்லை. தங்கள் போதகர் ஒருநாள் உண்மை பேசுவார் என்று காத்திருந்தார்கள். நான் பிரசங்க மேடையில் நின்ற ஒவ்வொரு ஞாயிறும், என் பொய்யைத் தெரிந்துகொண்டே என்னை மதித்து அமர்ந்து கேட்டிருக்கிறார்கள். ஆயன் மந்தையைச் சுமப்பதாகச் சொல்வோம். அந்த இரண்டு ஆண்டுகள் மந்தை ஆயனைச் சுமந்திருக்கிறது.

அன்று இரவு எனக்கு ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வந்தது. 1878ஆம் ஆண்டில், அமெரிக்காவில், மில்டன் ரைட் என்ற பேராயர் தம் பயணத்திலிருந்து வீடு திரும்பும்போது இளைய மகன்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டுப் பொருள் வாங்கி வந்தார். மூங்கிலும் தக்கையும் காகிதமும் கொண்டு செய்து, ரப்பர் முறுக்கில் சுழன்று மேலெழும் ஒரு சிறு ஹெலிகாப்டர். பிரான்சு நாட்டின் அல்போன்ஸ் பெனோ வடிவமைத்தது. வில்பருக்கு அப்போது வயது பதினொன்று, ஆர்வில்லுக்கு ஏழு. அது உடையும்வரை விளையாடினார்கள். பிறகு தாங்களே அதைப்போலச் செய்து பார்த்தார்கள். பறக்கும் ஆசை தங்களுக்குள் வந்தது அந்தப் பொம்மையால்தான் என்று பின்னாளில் அவர்களே கூறியிருக்கிறார்கள். அந்தச் சகோதரர்கள் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்கூடப் பெறவில்லை. கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. பேராயரின் மக்கள் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்துப் பிழைத்தார்கள். அந்தக் கடையின் வருமானத்திலும் அங்கே பழகிய கைத்திறனிலும்தான் 1903 டிசம்பர் 17 அன்று பறந்த விமானம் உருவாயிற்று. 1910 மே மாதத்தில், எண்பத்தொரு வயதில், மில்டன் ரைட் தம் மகன் ஆர்வில்லோடு முதன்முறையாக விமானத்தில் ஏறினார். ஏறக்குறைய ஏழு நிமிடம் பறந்தார்கள். பயந்து இறக்கச் சொல்லவில்லை அவர். இன்னும் உயரப் போகும்படி மகனிடம் சொன்னாராம்.

ஒரு பேராயர் தம் மகனுக்கு ஒரு ஹெலிகாப்டரைக் கொடுத்தார். ஒரு போதகர் தன் மகனிடமிருந்து ஒரு ஹெலிகாப்டரைப் பறித்தார். கொடுத்தவனுக்கும் பறித்தவனுக்கும் வயது வித்தியாசமில்லாத அதே பதினொரு வயதுப் பையன்கள். என் மகன் விமானம் கண்டுபிடித்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. அது தகப்பன்மாரின் வீண்பெருமை. அவன் விளையாடியிருப்பான். அதுவே போதுமான இழப்பு.

விளக்கை அணைக்குமுன் அவன் அறைக்குப் போனேன். “அந்தப் பெட்டியை அன்றைக்கு எடுத்து வைத்தது தவறு. கேட்டபோது தராதது அதைவிடத் தவறு. உன் வேலையை மறைத்துச் சபையாரிடம் பொய் சொன்னது எல்லாவற்றிலும் பெரிய தவறு. மன்னித்துவிடு” என்றேன். ஆயத்தம் செய்துகொண்டு போன வாக்கியங்கள் இன்னும் சில இருந்தன. சொல்லவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும் என்று அவன்தானே கற்பித்தான்.

அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, “சரிப்பா” என்றான். சற்றுக் கழித்து, “கணக்குல நாப்பத்தொண்ணு இல்ல, நாப்பத்தி மூணு” என்றான். இருவரும் சிரித்தோம். பிறகு அவன் அழுதான். நானும்.

எல்லாம் அன்றோடு சீராகிவிட்டது என்று நீங்கள் எண்ண வேண்டாம். இன்னும் சில பேச்சுகளில் அவன் குரல் இறுகுவதை உணர்கிறேன். அவன் படிப்பை முடித்திருக்கலாமே என்ற எண்ணம் எனக்குள் இன்னும் எழுகிறது. எழும்போது விரலைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன்.

பெட்டிகள் லாரியில் ஏறிய நாளில் ஹெலிகாப்டரை அவன் கையில் கொடுத்தேன், பதினொரு ஆண்டு தாமதமாக. அவன் அங்கேயே தங்கினான். கடையில் அவனுக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது. மகனை விட்டுப் புறப்படுவது என் மனைவிக்கும் எனக்கும் எளிதாக இல்லை. லாரிக்குப் பின்னால் காரில் வரும்போது, அவன் எனக்குச் சொல்லியிருந்த வேறொரு ஹெலிகாப்டரை நினைத்துக்கொண்டு வந்தேன். செவ்வாய்க் கிரகத்தில் 2021 ஏப்ரல் 19 அன்று முதன்முதலாகப் பறந்த இன்ஜெனுயிட்டி. எங்கள் விளையாட்டு ஹெலிகாப்டரைப் போலவே ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரட்டை இறக்கைகள் கொண்டது. ரைட் சகோதரர்களின் விமானத் துணியில் ஒரு சிறு துண்டையும் அது சுமந்து சென்றது. ஆனால் அதை யாராலும் ரிமோட்டால் ஓட்ட முடியாது. பூமியிலிருந்து ஒரு கட்டளை போய்ச்சேரவே பல நிமிடங்கள் ஆகும். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். காற்றில் தன்னைத்தானே அது நிலைநிறுத்திக்கொள்ள வேண்டும். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பப்பட்டது, 72 முறை பறந்தது.

நம் பிள்ளைகளும் ஒருநாள் நம் லீவருக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடுகிறார்கள், அடுத்த தெருவில் இருந்தாலும் சரி, அயல்நாட்டில் இருந்தாலும் சரி. இளைய குமாரனின் உவமையில் வரும் தகப்பன், மகன் போன பாதையெல்லாம் பின்தொடர்ந்து திருத்திக்கொண்டு போகவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகன் தூரத்தில் வரும்போதே கண்டான் என்றால், எத்தனை நாள் அந்தத் திசையிலேயே முகத்தைத் திருப்பி நின்றிருக்க வேண்டும்!

ஆகவே, அன்றைக்கு என் கையைப் பற்றிக் கேட்ட தாயாருக்கு இதோ என் பதில்: அம்மா, என் மகன் செல்போன் பழுதுபார்க்கிறான். நன்றாகப் பழுதுபார்க்கிறான். நான் அவனைக் குறித்து மகிழ்கிறேன். இதற்கு முன்பே சொல்லாததற்காக வருந்துகிறேன்.

சென்ற வாரம் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு புதிய ஹெலிகாப்டர். அவன் சம்பாத்தியத்தில் எனக்கு வாங்கி அனுப்பியிருக்கிறான். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: “அப்பா, ஃபேன நிறுத்திட்டு விடுங்க.”

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குச் சபை மண்டபத்தில் அதைப் பறக்கவிடப் போகிறேன். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வரலாம். பெற்றோரும் வாருங்கள். முதலில் பிள்ளைகள் ஓட்டட்டும். நாம் அருகில் நின்று பார்ப்போம். ரிமோட்டை அவர்கள் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.

நம்மைப் பொறுமையோடு கண்ணோக்கும் பரம தகப்பன், அந்தப் பொறுமையில் ஒரு பங்கை நம் கைகளுக்கும் தந்தருள்வாராக. ஆமென்.